வரவேற்பறைச் சோபா

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற ஆண்களின் கண் முதலில் கவுண்டருக்குப் போகும். அங்கே ஆள் இல்லையென்றால் உள்ளறைத் திரைச்சீலைக்குப் போகும். சோபா பக்கம் வருவது கடைசியில்தான். அங்கே நரைத்த கொண்டையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு கிழவி வார இதழ் புரட்டிக்கொண்டிருப்பதைக் கண்டதும் சிலருக்கு முகம் இறங்கிவிடும். "இங்க... ஜெராக்ஸ் எடுப்பாங்களா?" என்று கேட்டவரும் உண்டு. வாசலில் ஆளுயரத்துக்குத் தாமரைப் படமும், அடுக்கி வைத்த கருங்கல்லும், மெழுகுவத்தியும் போட்ட போர்டு. அதைத் தாண்டி மாடியேறி வந்துதான் ஜெராக்ஸ் கேட்டார்.

அந்தக் கிழவி நான்தான். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. அங்கே எனக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை. "டீச்சர், நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சாயங்காலம் வந்து உக்காந்தாப் போதும். ஏசி இருக்கு, புஸ்தகம் வாங்கிப் போடறேன்" என்று சொல்லிக் கடைக்காரி என்னைக் கூட்டி வந்தாள். இது மரியாதையான இடம் என்று காட்ட மற்றக் கடைகளில் சாமி படம் மாட்டுவார்கள். இவள் என்னை உட்கார வைத்துவிட்டாள். வாய் திறக்காமல் இருக்கச் சம்மதித்தது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கண்ணையும் காதையும் மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

திருச்சி தில்லை நகரில் எந்தக் கிராஸில் திரும்பினாலும் ஒரு கிளினிக், ஒரு லேப், ஒரு மருந்துக்கடை. அந்த வரிசையில் ஒரு ஸ்பா திறக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் கணக்கு. பதினைந்து வருஷமாக உறையூரில் பார்லர் வைத்திருக்கிறவள். புருவம் திருத்த வருகிறவர்கள் நாற்காலியில் சாய்ந்ததுமே, "அப்படியே கழுத்தைக் கொஞ்சம் பிடிச்சு விடுங்கக்கா" என்பார்களாம். பிடித்துவிட்டுக் காசு கேட்டால், "இதுக்குமா?" என்பார்களாம். எதை எல்லாரும் ஓசியில் கேட்கிறார்களோ அதைத்தான் தொழிலாகச் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நானும் முப்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவள். ஓசியில் சந்தேகம் கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை. எனக்கு இப்படி ஒரு யோசனை வரவில்லை.

இடம் பார்க்கும்போதே சிக்கல் ஆரம்பித்துவிட்டது. "பார்லர்னா தர்றேம்மா. ஸ்பான்னா வேண்டாம்." ஒருவர் மாற்றி ஒருவர் இதே வசனம்தான். கடைசியாகப் பார்த்த வீட்டுக்காரர் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் மட்டும் காரணத்தைச் சட்டத்தோடு சொன்னார். 1956ஆம் வருஷத்து விபசாரத் தடுப்புச் சட்டத்தில், நடத்துகிறவர்களுக்கு மட்டுமல்ல, தெரிந்தே இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கும் தண்டனை உண்டு. "தெரிஞ்சேன்னு போட்டிருக்கான். எனக்குத் தெரியாதுன்னு கோர்ட்டுல நான் எப்படிம்மா நிரூபிப்பேன்?" என்றார். அவள் அசரவில்லை. "கீழ் வீட்டுல நீங்கதானே சார் இருக்கப் போறீங்க. எப்ப வேணும்னாலும் மேல ஏறி வந்து பாருங்க" என்றாள். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் சும்மா நின்றேன். இடம் கிடைத்தது.

பத்து மாத வாடகை அட்வான்ஸ். ராத்திரி எட்டு மணிக்குக் கதவடைக்க வேண்டும். அறைக் கதவுகளில் உள்தாழ்ப்பாள் கூடாது. பத்திரத்தில் இதையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார். தாழ்ப்பாள் இல்லாத அறையில் எந்தப் பெண் புடவையை அவிழ்ப்பாள்? அதற்கு மட்டும் ஒரு வாரம் பேச்சு நடந்தது. கதவுக்கு உள்பக்கம் கனமான திரை ஒன்று, வெளியே 'ஆள் இருக்கிறார்கள்' என்று ஓர் அட்டை என்று முடிந்தது. வெளியில் சாந்தமாகச் சிரிக்கிற புத்தர் சிலை வைத்த கடைகளுக்குள் இந்தத் தாழ்ப்பாள் சண்டை நடந்திருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கேமரா அடுத்த பாடு. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, ஸ்பா, மசாஜ் நிலையங்களில் எல்லாம் கேமரா பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டார். 2022 ஜனவரி தொடக்கத்திலேயே மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி, ஆள் படுத்திருக்கிற அறைக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று சொல்லிவிட்டார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்ன தீர்ப்பை எடுத்துக்காட்டிச் சொன்னார். மதுரைக்குப் போன அந்த வழக்கே எங்கள் திருச்சி ஸ்பா ஒன்றைப் பற்றியதுதான். கடைக்காரி இரண்டு தீர்ப்பையும் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறாள். படிக்கட்டில் ஒரு கேமரா, வரவேற்பறையில் ஒரு கேமரா. உள்ளே எதுவும் இல்லை. வரவேற்பறைக் கேமரா சோபாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. என்னுடைய கொட்டாவி முழுக்கப் பதிவாகியிருக்கும்.

திறந்த சில நாளில் இரண்டு காவலர்கள் வந்தார்கள். மாநகராட்சி உரிமத்தைக் கேட்டார்கள். சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினாள். வேலை செய்கிறவர்களின் ஆதார் நகல், வாடிக்கையாளர் பதிவேடு எல்லாம் எடுத்து வைத்தாள். இளையவர் திரை ஓரம் நின்ற பெண்ணைப் பார்த்து, "எந்த ஊரு? நேபாளா?" என்றார்.

"மிசோரம் சார். ஐஸால்."

"அது எங்க இருக்கு?"

"இந்தியாவுல சார்."

தமிழில்தான் சொன்னாள். இளையவர் பதிவேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூத்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கழுத்தைத் தேய்த்தார். "ஹெல்மெட் போட்டுப் போட்டு இந்த எடத்துல ஒரே புடிப்பும்மா" என்றவர் கவுண்டரில் இருந்த விலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய். பட்டியலை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தபோது அச்சகத்துப் பையன் தன் பங்குக்குச் சேவை செய்தான். சர்க்கரை, பக்கவாதம், உடல் பருமன், மூட்டுவாதம் என்று ஒரு பட்டியல் போட்டு, 'நிரந்தரத் தீர்வு' என்று சிவப்பில் கொட்டை எழுத்து. ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். இந்த நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே குற்றம். 1954இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆயுர்வேதம், சித்தா என்று சிகிச்சைப் பெயர்களைப் போடுவதானால் அந்தப் படிப்புப் படித்துப் பதிவு செய்த மருத்துவர் இருக்க வேண்டும். அடித்து அடித்துக் கடைசியில் நோட்டீஸில் மிஞ்சியது, 'உடல் அசதி தீரும், மனம் இலேசாகும்' என்கிற ஒரு வரிதான். "இதப் படிச்சிட்டு யாருக்கா வருவா?" என்று அச்சகத்துப் பையன் உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒரு முறை உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கி ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பட்டியலில் போட்டால் டாக்டர் எங்கே என்பார்கள். ஸ்வீடிஷ் மசாஜ் என்று போட்டால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆக, பட்டியலில் சுவீடனும் தாய்லாந்தும் இடம் பிடித்துக்கொண்டன.

கடன், வரி விவகாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முத்ரா கடன் திட்டத்தில் தருண் பிரிவு 10 லட்சம் வரை. வங்கியில் ஸ்பா என்றதும் அதிகாரி பேனாவை மூடினார். அழகுக்கலை, உடல்நலம் என்று எழுதிக் கொண்டுபோனதும் திறந்தார். ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததில் அவளுக்கு ஏகச் சந்தோஷம். அதிலும் ஆடிட்டர் தண்ணீர் ஊற்றினார். குறைந்த வரி வாங்குகிறவர்கள், கட்டில், ஏசி, அலங்கார வேலைக்கெல்லாம் தாங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவே கட்டாயம். "அதை முதல்ல தாண்டுவோம்மா" என்றார்.

வேலை செய்கிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். மிசோரம் பெண்கள் இரண்டு பேர், மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற ஓர் அம்மாள், ஆண்களுக்காகப் பாலக்காட்டுப் பையன் ஒருவன். பெண்களுக்குப் பெண், ஆண்களுக்கு ஆண் என்பதில் கடைக்காரி முதல் நாளிலிருந்தே கறார். அதனால் போனது என்ன என்பது கவுண்டரில் அடிக்கிற போனைக் கேட்டால் தெரியும். "ஆமா சார். ஒரு மணி நேரம் சார். இல்ல சார், ஜென்ட்ஸுக்கு ஜென்ட்ஸ் தெரபிஸ்ட்தான்." அதோடு எதிர்முனை அடங்கிவிடும். சிலர் நயமாக, "வேற எதுவும் சர்வீஸ்..." என்று இழுப்பார்கள். அவள் குரலை உயர்த்த மாட்டாள். "போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துத் தெருதான் சார், வழி சொல்லவா?" என்பாள். ஒரு சாயங்காலத்தில் வருகிற போன்களில் பாதி இப்படித்தான் முடியும்.

கட்டில் வந்த அன்று நடந்ததைப் பார்த்தபோதுதான் இந்த வேலை எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. ஆசாரி கருந்தேக்கு நிறத்தில் இழைத்து, கால்களில் பூ வேலை செய்து கொண்டுவந்திருந்தார். கடைக்காரி தடவித் தடவிப் பார்த்தாள். மிசோரம் பெண்களில் மூத்தவள் கட்டிலைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றாள். இரண்டு கையையும் தளரத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினாள். மடக்கின விரல் முட்டி பலகையில் உரச வேண்டும். பலகை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. "அண்ணா, கட் பண்ணு" என்று நாலு விரலைக் காட்டினாள். பூ வேலை போய்விடும் என்றார் ஆசாரி. "இது ஹைட்டா இருந்தா நான் கையால அழுத்தணும். கீழ இருந்தா உடம்பால அழுத்துவேன். கை போனா வேலை போச்சு" என்றாள். உடம்பின் பாரத்தை முழங்கையில் இறக்கிச் சாய்ந்து காட்டினாள், கட்டில் கிறீச்சிட்டது. பூ போயிற்று. உயரமான பாலக்காட்டுப் பையனுக்காக இன்னொரு கட்டிலின் காலுக்குக் கட்டை கொடுத்தார்கள்.

வேலை இல்லாத நேரத்தில் அந்த மூத்தவள் கட்டைவிரல்களைச் சுடுதண்ணீரில் முக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கட்டைவிரல்தான் முதலில் கெடுமாம். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் சீக்கிரமே அதை விட்டுவிட்டு முழங்கையையும் முன்கையையும் பழக்கிக்கொள்ள வேண்டுமாம். பகல் முழுக்க ஊரார் முதுகில் எண்ணெய் தேய்க்கிற அந்தப் பெண்கள் ராத்திரி சமைப்பது ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் அவித்த கீரையும் சோறும். எங்கள் தாளிப்பு வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய தகராறு. கடைக்கு அன்றுதான் கூட்டம். அவர்களுக்கோ அன்றுதான் சர்ச். "சம்பளம் கம்மி பண்ணுங்க அக்கா, சண்டே காலைல மட்டும் விடுங்க" என்று நின்றார்கள். கடைக்காரி யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலையை மண்ணச்சநல்லூர் அம்மாளிடம் ஒப்படைத்தாள். அந்த அம்மாளுக்கு வெள்ளிக்கிழமை கோயில். இப்படிச் சரிக்கட்டினார்கள். சம்பளத்தைக் குறைக்கவில்லை.

துண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். ஒருவர் படுத்து எழுந்தால் நாலு துண்டு, இரண்டு விரிப்பு. அத்தனையிலும் எண்ணெய். சலவைக்காரர் முதல் வாரமே மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். "சிக்கு போக மாட்டேங்குதும்மா. மத்தவங்க துணியோட போட்டா அதுலயும் ஏறுது." மடித்து வைத்த வெள்ளைத் துண்டை எடுத்து மோந்து பார்த்தேன். காறல் வாடை. லாவண்டர் தைலமும் லெமன்கிராஸ் தைலமும் போட்டி போட்டு மணக்கிற அறையில், முகத்தடியில் அந்தத் துண்டை விரித்தால் வந்தவர் மறுபடி வருவாரா? தண்ணீர் சுடவைக்கிற வாஷிங் மெஷின் ஒன்று தனியாக வாங்கினாள். சோடா போட்டு ஊறவைத்து, இரண்டு தடவை அலசி, ஆறியபிறகுதான் மடிக்க வேண்டும். எண்ணெய் பிசுக்கு முழுக்கப் போகாத துணியைச் சூட்டோடு அடுக்கிவைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வங்கிக்குக் கொடுத்த திட்ட அறிக்கையில் மின்விளக்குக்கும் இசைக்கருவிக்கும் தனித்தனி வரி இருந்தது. துண்டுக்கு ஒரு வரிகூட இல்லை. கடை திறக்க நினைக்கிறவர்கள் புத்தர் சிலையைப் பிறகு வாங்கலாம். முதலில் துண்டை எண்ணுங்கள்.

வந்தவர்களில் மறக்க முடியாதவர் ஒரு பெண். பெரிய கடைவீதித் துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாம். காலை முதல் ராத்திரிவரை நின்றே வேலை. நாற்பது வயதிருக்கும். பர்ஸிலிருந்து மடித்து மடித்து வைத்த நூறு ரூபாய்த் தாள்களை எண்ணிக் கவுண்டரில் வைத்தார். "காலுக்கு மட்டும் போதுங்க. நின்னு நின்னு வலி தாங்கல" என்றார். உள்ளே கூட்டிப்போன மிசோரத்து மூத்தவள் சட்டென்று வெளியே வந்து கடைக்காரியை அழைத்தாள். திரை பாதி விலகியிருந்ததில் கெண்டைக்கால் எனக்கும் தெரிந்தது. நீலநீலமாக நரம்பு புடைத்துச் சுருண்டிருந்தது. ஒரு காலில் வீக்கம். தொட்டால் சூடு என்றாள். "நான் அழுத்த மாட்டேன் அக்கா. உள்ள ரத்தம் கட்டி இருந்தா, அழுத்தினா மேல போயிடும்." அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. தன்னைத் தொட அருவருப்புப் படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, முகம் சுருங்கிவிட்டது. கடைக்காரி பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக எடுத்துச் சொன்னாள். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, எதிர்வரிசையில் ரத்தநாள மருத்துவர் ஒருவரிடம் கூடவே போய் டோக்கன் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று வேறு யாரும் வரவில்லை. கல்லாவில் ஒன்றும் விழவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் கிராமத்து நினைவு வந்தது. பிள்ளை பெற்றவளுக்கும் பிறந்த பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவர்கள் மருத்துவர் சமூகத்துப் பெண்கள். எந்த இடத்தில் அழுத்தலாம், எந்த இடத்தில் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கும் கைப்பாடம். கூலி நெல்லாகக் கிடைத்தது. வேலை முடிந்ததும் கொல்லைப்புறமாகப் போவார்கள். உடம்பைத் தொடுகிற வேலையைக் கீழான வேலை என்று ஒதுக்கி வைத்த ஊர்தான் இப்போது அதற்கு ஏசி போட்டு, மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் கேட்கிறது. இந்த மாற்றத்தில் தப்பில்லை. ஆனால் தொடுகிறவளைப் பற்றிய பார்வை அப்படியே இருக்கிறது. அப்போது சாதியை வைத்துப் பார்த்தார்கள். இப்போது வேறொரு சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். போன் செய்து இழுக்கிறவர்களும், வீடு தரப் பயந்தவர்களும், நேபாளா என்றவரும் பார்ப்பது ஒரே பார்வைதான். இந்தத் தொழிலைத் தொடங்குகிறவர் போடுகிற முதலில் பெரும்பகுதி கட்டிலுக்கோ தைலத்துக்கோ போவதில்லை. அந்தப் பார்வையைத் துடைப்பதற்கே போகிறது. என்னைச் சோபாவில் உட்கார வைத்ததும் அந்தச் செலவில்தான் சேரும்.

கடை ஓடுகிறதா என்று கேட்பீர்கள். ஓடுகிறது; பறக்கவில்லை. வாடகையும் சம்பளமும் தவணையும் போக மாசக் கடைசியில் அவளுக்கென்று பெரிதாக மிஞ்சுவதில்லை. பார்லர் வருமானம்தான் இன்னும் வீட்டுச் செலவுக்கு. ஒரு முகூர்த்த சீசனில் கல்யாண வீட்டுக் கூட்டம் ஒன்று மொத்தமாக வந்து இறங்கியது. பெண்ணின் தாயார், சித்திகள், நாத்தனார்கள் என்று எல்லாருக்கும் ஒரே நாளில் வேண்டும் என்றார்கள். எடுத்திருந்தால் அந்த மாசத் தவணை கையில். அவள் ஏட்டைப் பார்த்துவிட்டு, பாதிப் பேரை மறுநாள் வரச் சொன்னாள். "ஒரு ஆள் ஒரு நாளைக்கு அஞ்சு பேருக்கு மேல செய்ய மாட்டாங்க" என்றாள். பெண்ணின் தாயார், "காசு கூடப் போட்டுத் தர்றோம்மா" என்றார். "அவங்க கை எனக்கு நாளைக்கும் வேணும்மா" என்றாள் கடைக்காரி. பாதிப் பேர் மறுநாள் வரவில்லை.

தெரிந்தவர்கள் இப்போதெல்லாம் நல்ல இடம் எது என்று என்னைக் கேட்கிறார்கள். சோபாவில் உட்கார்ந்து பார்த்த வகையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாநகராட்சி உரிமம் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறதா பாருங்கள். படுக்கச் சொல்வதற்கு முன்னால் ரத்த அழுத்தம், ஆபரேஷன், கர்ப்பம், தோல் ஒவ்வாமை பற்றி ஒரு வார்த்தை கேட்கிறார்களா பாருங்கள். கேட்காத இடத்தில் படுக்காதீர்கள். நோயைக் குணமாக்குகிறேன் என்கிற இடத்துக்குப் போகவே போகாதீர்கள். விரிக்கிற துண்டை ஒருமுறை மோந்து பாருங்கள். எழுந்து வரும்போது ஏதாவது கொடுப்பதானால் கவுண்டரில் வைக்காமல், பிடித்துவிட்டவர் கையிலேயே கொடுங்கள். எந்த ஊர் என்று கேட்டால், அவர் சொல்கிற ஊர் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்குப் போய் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.